என் முழங்கையில் ஒரு தேமல்

சென்ற ஆண்டு சித்திரை மாதம் எங்கள் வட்டார சுகாதார அலுவலகத்தில் இளம் பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. தொழுநோய் பற்றிய பயிற்சி. வீடு வீடாகப் போய்த் தோலைப் பார்க்கும் வேலையை மறுபடியும் மும்முரமாக ஆரம்பித்திருக்கிறார்கள். நோயாளியோடு நெருங்கிப் பழகுகிறவர்களுக்கு, நோய் வருமுன்பே ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தால் பலருக்கு வராமல் தடுக்கலாம் என்று ஆராய்ச்சியில் கண்டு, அதையும் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். பழைய தொழுநோய் இன்ஸ்பெக்டர்களில் இந்தப் பக்கம் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் "வந்து உங்க அனுபவத்தைச் சொல்லுங்க சார்" என்று கூப்பிட்டார்கள்.

போனேன், பேசினேன். நோயாளியை எப்படித் தொடவேண்டும், எப்படிப் பேசவேண்டும், இந்த நோயில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை அவர்களுக்கு எப்படிப் புரியவைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். முன்வரிசையில் இருந்த பெண்கள் குறிப்பெடுத்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். ஒரு துண்டு போர்த்தினார்கள்.

அந்த வெயிலில் நான் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டியிருந்தேன். இடது முழங்கைக்குச் சற்று மேலே, வெளிப்பக்கமாக, வெளிறிய ஒரு தேமல் இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த மேடையில் நின்று, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பேசினேன்.

இப்போது மருந்து சாப்பிட்டு முடித்துவிட்டேன். இந்த ஆண்டும் பேசக் கூப்பிட்டார்கள். பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்டப்போவதில்லை. கல்லூரி முடித்து, வேறு எதுவும் கிடைக்காமல், உறவுக்காரர்கள் எல்லாரும் வேண்டாம் என்று சொன்ன ஒரு வேலையில் சேர்ந்தேன். பயிற்சியில் நரம்புகளைத் தொட்டுப் பழகினோம். வெள்ளை மாத்திரை ஒன்றை ஆயுள் முழுக்கச் சாப்பிடவேண்டியிருந்த காலம் முடிந்து, கூட்டு மருந்து வந்த சமயம் அது. குறிப்பிட்ட மாதங்கள் சாப்பிட்டால் நோய் தீரும் என்று நோயாளியிடம் சொல்ல முடிந்த முதல் ஆட்கள் நாங்கள். அந்தத் தெம்பில் சேந்தமங்கலம், சங்ககிரி, பள்ளிபாளையம் என்று சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் சுற்றினேன். சனங்கள் எனக்கு 'தேமல் சார்' என்று பேர் வைத்தார்கள். நான் தெருவில் நுழைந்தால் பெண்கள் சேலையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால், அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கப் பத்துப் பேர் யோசிப்பார்கள். அதனால் வண்டியைக் கோயில் பக்கத்திலோ டீக்கடையிலோ நிறுத்திவிட்டு நடந்துபோகப் பழகினேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது பயிற்சி நிலையம் அல்ல, எங்கள் மருத்துவ அலுவலர். தெற்குச் சீமைக்காரர். நாங்கள் டாக்டரம்மா என்போம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு நோயாளியைப் பார்க்கும்போது நாங்கள் பக்கத்தில் நின்றால், பரீட்சை எழுதுவதுபோல் இருக்கும்.

வீட்டுக்குள் போனதும் வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்ப்பார். நோயாளியை வெளிச்சத்தைப் பார்த்து உட்காரவைத்து, தானும் அதே உயரத்தில் உட்காருவார். அவர்கள் தரையில் என்றால் இவரும் தரையில். பிறகு கை கழுவத் தண்ணீர் கேட்பார். அந்த வீட்டுச் செம்பில், அவர்கள் பார்க்க, கழுவுவார். பார்த்து முடித்தபின் கழுவமாட்டார். அப்படியே பேனாவை எடுத்து எழுதுவார். காபி கொடுத்தால் குடிப்பார். ஒருமுறை நான் பரிசோதனை முடிந்து எழுந்து போய்க் கை கழுவினேன். ஜீப்பில் ஏறியபின் சொன்னார்.

"கழுவணும்னா முன்னாடி கழுவுங்க. பின்னாடி கழுவினா, நாம சொன்ன மத்ததெல்லாம் மறந்துடும். அது மட்டும் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

முழங்கைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலை வைத்து நரம்பை உருட்டிப் பார்க்கும்போது, கையைப் பார்க்கக்கூடாது, முகத்தைப் பார்க்கவேண்டும் என்பார். வலித்தால் கண்ணோரத்தில் தெரியும். தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க பால்பாயின்ட் பேனாவின் முனை போதும். முதலில் நல்ல தோலில், கண் திறந்திருக்கும்போதே தொட்டுக்காட்டி, "இப்படித்தான் தொடுவேன்" என்று பழக்கவேண்டும். பிறகு கண்ணை மூடச்சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டச்சொல்ல வேண்டும். "தெரியுதா?" என்று மட்டும் கேட்கவே கூடாது.

"ஏன் மேடம் கேக்கக்கூடாது?" என்றேன், புதிதில்.

"உங்க ஊர்க்காரங்க ரொம்ப மரியாதைக்காரங்க. உங்க மனசு நோகக்கூடாதுன்னே தெரியுதுங்கன்னு சொல்லிடுவாங்க."

நான் பார்த்த நூற்றுக்கணக்கான பேரில் ஒருவரைப் பற்றிப் பயிற்சியில் விரிவாகச் சொன்னேன். சேந்தமங்கலம் பக்கம் பொன்னுசாமி என்று ஒரு விவசாயி. (பேரை மாற்றியிருக்கிறேன்.) கிணறும் பம்புசெட்டும் மரவள்ளிக்காடும் உள்ள வசதியான குடும்பம். கோயில் காரியங்களில் முன்னே நிற்கிறவர். முதுகு நிறையத் தேமல், காது மடல் தடித்திருந்தது. பக்கத்து ஊர் முகாமுக்குத் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார். மருந்து சாப்பிட ஒப்புக்கொண்டார். ஆனால் வீட்டில் மனைவி மக்களைப் பரிசோதிக்க வேண்டும் என்றதும் எழுந்துவிட்டார்.

"எனக்கு என்ன வேணும்னாலும் பண்ணுங்க. எங்க ஊட்டுப் பக்கம் மட்டும் உங்க வண்டி வரக்கூடாதுங்க."

கூட்டு மருந்தில் உள்ள மூன்றில் ஒன்று தோலைக் கறுக்கவைக்கும். ஊரில் கேட்டவர்களிடம், கிணற்று வேலைக்கு ஆள் வரவில்லை, நானே வெயிலில் நிற்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தார். நான் மாதாமாதம் அவருடைய பம்புசெட்டுக் கொட்டகைக்குப் போய் மாத்திரை கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் மோட்டாரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குள் போய் நின்றுகொள்வார்.

அவரை மிரட்டவேண்டாம், பயம் தானாகக் குறையும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் நானே மோட்டாரை நிறுத்தினேன்.

"உங்க மக எந்தக் கையில எழுதுது?" என்று கேட்டேன்.

"சோத்துக்கையிலதான். எதுக்குங்க?"

"அந்தக் கை மடங்கிப்போச்சுன்னா, யாரு வெக்கத்துனால மடங்குச்சுன்னு ஒருநாள் அது கேக்கும். அப்ப நீங்க எந்த மோட்டாரைப் போடுவீங்க?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் அவரே மகளை வண்டியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எட்டாவது படிக்கிற பெண். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைச் செருகி, "விடாம பிடிச்சுக்கோ சாமி" என்றார் டாக்டரம்மா. மெல்ல இழுத்ததும் காகிதம் வந்துவிட்டது. நரம்பு வீங்கியிருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. பேனா சரியாகப் பிடிக்க வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மருந்து கொடுத்து, விரலுக்குக் கட்டை கட்டி, பயிற்சி செய்யவைத்தோம். கை பிழைத்தது. பொன்னுசாமி அதன்பிறகு வீட்டில் எல்லாரையும் காட்டினார்.

பயிற்சியில் இந்தக் கதையைச் சொல்லி, அந்த மோட்டார்க் கொட்டகைப் பேச்சை அப்படியே ஒப்பித்தேன். இளம் பிள்ளைகள் அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். என் பணிக்காலத்தில் நான் பெருமைப்பட்ட சம்பவம் அது. இன்றைக்கு அதை நினைத்தால் காது சூடாகிவிடுகிறது.

பிறகு நோய் நாட்டில் கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். எங்கள் பிரிவைப் பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்தார்கள். கொசு ஒழிப்பு, குடிநீருக்குக் குளோரின், காய்ச்சல் கணக்கு என்று மீதிக் காலம் ஓடியது. ஓய்வுபெற்றுத் திருச்செங்கோடு பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டு, நானும் மனைவி ருக்மணியுமாக இருக்கிறோம். மகள் கல்பனாவைச் சங்ககிரியில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு லாரித் தொழில். பேத்தி இலக்கியா நாலாவது படிக்கிறாள். விடுமுறை என்றால் எங்கள் வீட்டில்தான் இருப்பாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சை மரம் இருக்கிறது. பயிற்சிக்கு முந்தைய மார்கழியில் ஒருநாள் அதன் கிளைகளைக் கழித்துவிட்டு வந்தபோது, "கையில என்னங்க ரத்தம்?" என்று ருக்மணி கேட்டாள். முள் நன்றாகக் கிழித்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காயத்தைக் கழுவும்போதுதான் அதைச் சுற்றியிருந்த தேமலைப் பார்த்தேன்.

வேறு யாருக்காவது அப்படி இருந்திருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். எனக்கு என்றதும், படை என்று முடிவுசெய்தேன். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசினேன். குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பேனா முனையால் சோதித்தேன். தனக்குத்தானே இந்தச் சோதனையைச் செய்யமுடியாது. கண்ணை மூடினாலும் பேனாவைப் பிடித்திருக்கிற கைக்கு எங்கே தொடுகிறோம் என்று தெரியும். இன்னொரு ஆள் வேண்டும். இன்னொரு ஆள் சமையலறையில்தான் இருந்தாள். நான் கூப்பிடவில்லை.

அதற்குப் பதிலாக, முதுகு வலிக்கிறது என்று சொல்லி என் கட்டிலை முன்னறைக்கு மாற்றினேன். இந்த நோய் அவ்வளவு லேசில் ஒட்டாது, பெரும்பாலோருக்கு உடம்பிலேயே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, மருந்து ஆரம்பித்துவிட்டால் பரவாது என்று ஆயிரம் வீடுகளில் சொன்னவன் நான். மருந்தை ஆரம்பிக்காமல் கட்டிலை மாற்றினேன். பயிற்சியில் பேசிவிட்டு வந்த கொஞ்ச நாளில் இலக்கியா விடுமுறைக்கு வந்தாள். மேலே வந்து விழுந்த குழந்தையை, "வேர்வையா இருக்கு, தள்ளி உக்காரு" என்றேன். அவள் முகம் போன விதத்தைப் பார்த்தும் மருந்துக்குப் போகவில்லை.

எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஒட்டாது ஒட்டாது என்று சொன்ன இன்ஸ்பெக்டருக்கே ஒட்டிவிட்டது என்று ஊரில் பேசினால், இளம் பிள்ளைகளின் வேலை கெடும், நோயாளிகள் பயந்து ஒளிவார்கள் என்பது அந்த நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் நான் பயந்தது தேமல் சாருக்குத் தேமல் என்று டீக்கடையில் சிரிப்பார்களே என்பதற்குத்தான்.

தேமல் கொஞ்சம் பெரிதானபோது ஆற்றைத் தாண்டி ஈரோட்டில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். பேரை மாற்றிச் சொன்னேன். தொழில் விவசாயம் என்றேன். அவர் சின்னவர். ரொம்பப் பொறுமையாக, இது ஒரு கிருமியால் வருகிறது, பாவத்தால் வருவதில்லை, ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும் என்றெல்லாம் விளக்கினார். ஒன்றும் தெரியாதவன்போல் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"பெரியவரே, இதுல வெக்கப்பட ஒன்னுமே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மருந்து அரசாங்கத்தில்தான் இலவசமாகக் கிடைக்கும், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார். அங்கே போகவேண்டும் என்றால் நான் நானாகத்தான் போகமுடியும். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆடி முழுவதையும் கழித்தேன்.

ஆவணியில் போனேன். தொழுநோய்ப் பணியைப் பார்க்கிறவர் ரேவதி. பயிற்சியில் முன்வரிசையில் இருந்து எழுதிக்கொண்ட பெண்களில் ஒருவர். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார், என்ன இவ்வளவு தூரம்?" என்றார். நான் சட்டைக் கையை மடித்தேன்.

அந்தப் பெண் திடுக்கிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார். என் கையைப் பிடித்து நரம்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தபடி. பேனாவை எடுத்து முதலில் நல்ல தோலில் தொட்டார். "கண்ணை மூடிக்கங்க சார். தொட்ட இடத்தைக் காட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் தொட ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். "இன்னும் ஆரம்பிக்கலியாம்மா?" என்று கேட்டேன். "முடிஞ்சுதுங்க சார். கண்ணைத் தெறந்துக்கங்க" என்றார்.

முதல் வேளை மருந்தை அவர் முன்னாலேயே விழுங்கினேன். இப்போது லேசான நோய்க்கும் மூன்று மருந்துதான், முன்போல் இரண்டு இல்லை. தோல் கொஞ்சம் கறுக்கும் என்று அவர் சொல்ல வாயெடுத்து, எனக்கா சொல்கிறோம் என்று நிறுத்தினார். வீட்டில் யார் யார், யாரோடு நெருக்கம் என்று எழுதிக்கொண்டபின் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஊட்ல இருக்கறவங்களயும் நெருங்கிப் பழகறவங்களயும் பாத்து, தடுப்பு மருந்து குடுக்கணுங்க சார். நீங்க சம்மதிச்சாத்தான் நான் அவங்ககிட்டப் பேசமுடியும்."

"வேண்டாம்மா" என்றேன்.

"சரிங்க சார்."

அவ்வளவுதான். நான் வாதம் செய்யத் தயாராக வந்திருந்தேன். அவர் வாதம் செய்யவில்லை. எங்கள் காலத்தில் சம்மதம் என்று ஒன்றைக் கேட்டதே இல்லை. பொதுக் கணக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டு நோயாளியின் வீட்டுக்குள் போய்விடுவோம். இப்போது, நோயாளி சொல்லாமல் அவர் நோயை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

"நீ போகாட்டி பேத்திக்கு என்ன ஆகும்னு என்னைக் கேக்கலியா?" என்றேன். எனக்கே கோபமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியாததா சார்" என்றார் ரேவதி. குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "தெருப்பூரா ஒரு தோல் முகாம் போட்டுறலாம். யாருக்காகன்னு யாருகிட்டயும் சொல்லவேண்டியதில்லை. ஆனா உங்க மக வேற ஊர்ல இருக்காங்க. அங்க நீங்கதான் சொல்லோணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து ருக்மணியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நோயின் பேரைக் கேட்டு அவள் பயப்படவில்லை. என்னோடு இத்தனை வருடம் இருந்தவள், என் பேச்சை நம்பியவள். கீரையைக் கீழே வைத்துவிட்டு வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப முதுகு வலி?"

நான் முன்னறைக் கட்டிலைப் பார்த்தேன்.

"நானு என்னமோ தப்புப் பண்ணிட்டன்னு நெனச்சுட்டிருந்தனுங்க. எந்தப் பேச்சு உங்களச் சுட்டுச்சோன்னு தெனமும் யோசிச்சேன்" என்றாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டாள். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனபோது, "நீங்க உடுங்க" என்றாள்.

கல்பனாவிடம் போனில் சொன்னேன். இலக்கியாவையும் ரேவதி பார்த்து மருந்து கொடுக்கவேண்டும் என்றேன். சின்ன வயதில் தொழுநோய் விழிப்புணர்வுப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பெண். நான் எழுதிக்கொடுத்த பேச்சு.

"அத்தைக்குத் தெரியவேண்டாம்ப்பா" என்றாள். "தெரிஞ்சா இந்த ஊட்ல நான் தலை நிமிர முடியாது. பாப்பாவ வேற எங்கயாவது காட்டிக்கறோம். உங்க ஆளுங்க யாரும் சங்ககிரிக்கு வரவேண்டாம்."

எங்க ஊட்டுப் பக்கம் உங்க வண்டி வரக்கூடாது என்று பொன்னுசாமி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவரிடம் பேசியதுபோல் இவளிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. என்ன உரிமை இருக்கிறது? பொன்னுசாமியாவது முகாமுக்குத் தானே வந்து மருந்து வாங்கிக்கொண்டார். நான் அதைக்கூடச் செய்யாமல் மார்கழியிலிருந்து ஆவணிவரை முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்திருந்தவன்.

மறுநாள் மாப்பிள்ளை போன் செய்தார். குறைவாகப் பேசுகிறவர். "மாமா, பாப்பாவ ஞாயித்துக்கெழம நானே கூட்டிட்டு வாரேன். அந்த மேடத்த உங்க ஊட்டுக்கே வரச்சொல்லிருங்க" என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் நிறுத்தவில்லை. "ஒன்னு மட்டும் தப்பா நெனைக்காதீங்க. இந்த வருசம் லீவுக்குப் பாப்பா அங்க வரவேண்டாம். நாங்க பாத்துக்கறோம்."

"சரிங்க மாப்பிள்ளை" என்றேன். மருந்து சாப்பிடுகிறவனிடமிருந்து பரவாது என்று அவருக்கு விளக்கியிருக்கலாம். அந்த விளக்கத்தை நானே நம்பாததுபோல் நடந்துகொண்டபின் எதைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தார்கள். கல்பனா வரவில்லை. இலக்கியா, மாப்பிள்ளை இரண்டு பேரும்தான். மாப்பிள்ளையின் தோளையும் முதுகையும் ரேவதி பார்த்தார், ஒன்றுமில்லை. ருக்மணிக்கும் ஒன்றுமில்லை. இலக்கியாவை முன்னறை வெளிச்சத்தில் உட்காரவைத்தபோது, அவள் வலது கன்னத்தில் வெளிறிய ஒரு திட்டு இருப்பதை நான் பார்த்தேன். விடுமுறையில் அது இருந்ததா? அப்போது நான் அந்தக் குழந்தையின் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கவே இல்லையே.

ரேவதியும் பார்த்தார். என் பக்கம் திரும்பாமல், பையிலிருந்து பஞ்சை எடுத்துத் திரித்தார். முகத்தில் சோதிப்பது கடினம். கன்னத்தில் நரம்புகள் நெருக்கம். உணர்ச்சி போயிருந்தாலும் சுலபத்தில் தெரியாது. நல்ல கன்னத்தில் தொட்டுக் காட்டினார். "இப்ப கண்ணை மூடிக்கோ சாமி. எங்க தொடறேன்னு வெரல்ல காட்டு."

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். ருக்மணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் நாற்காலியின் கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது பிறகு விரல் வலித்தபோதுதான் தெரிந்தது.

முதல் தொடலுக்குச் சரியாகக் காட்டினாள். இரண்டாவதற்கும் காட்டினாள். மூன்றாவது தொடலுக்கு விரல் அசையவில்லை. ரேவதி சற்று நிறுத்தி, அதே இடத்தில் மறுபடி தொட்டார். விரல் அசையவில்லை.

"ஏன் சாமி, தெரியலியா?" என்றார் ரேவதி. கேட்கக்கூடாத கேள்வி அது. அவரும் கலங்கியிருக்கவேண்டும்.

"தெரிஞ்சுது. கிச்சுகிச்சு மூட்டுது, அதான் சிரிப்ப அடக்கிட்டிருந்தேன்" என்றாள் இலக்கியா, கண்ணைத் திறக்காமலே.

திரும்பவும் முதலிலிருந்து சோதித்தார். எல்லா இடத்தையும் சரியாகக் காட்டினாள். வெளிப்பக்க ஓரத்தையும், நடுவையும். காது மடலைப் பார்த்தார், நரம்புகளைப் பார்த்தார். வெயில் காலத்தில் குழந்தைகளுக்கு வருகிற சாதாரணத் தோல் வறட்சி என்றார். எதற்கும் ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதாகவும் மாப்பிள்ளையிடம் சொன்னார். பிறகு எடை பார்த்து, அளவு கணக்கிட்டு, மூன்று பேருக்கும் தடுப்பு மருந்து கொடுத்தார். ஒரே வேளைதான். விழுங்கிவிட்டு இலக்கியா முகத்தைச் சுளித்தாள்.

"எதுக்கு இந்த மருந்து?" என்று கேட்டாள்.

"உனக்கு நோய் வராம இருக்கறதுக்கு" என்றார் ரேவதி.

"யாருக்கு வந்துச்சு?"

ரேவதி பையைக் கட்டுவதில் குனிந்துகொண்டார். சம்மதம் என்னுடையது, சொல்லவேண்டியவன் நான். மாப்பிள்ளை, "வா பாப்பா, நேரமாச்சு" என்றார்.

"எனக்குத்தான் சாமி" என்றேன். சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். "தொழுநோய்ன்னு பேரு. மருந்து சாப்பிடறேன், சரியாயிரும்."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "வலிக்குதா அப்புச்சி?"

"வலிக்காது."

"அப்பறம் ஏன் இத்தன நாளு என்னத் தள்ளி உக்காரச் சொன்னீங்க?"

"பயந்துட்டேன் சாமி" என்றேன். "தப்புத்தான்." அவள் அதை ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. ஒரு விரலால் தேமலைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டது எனக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

காரில் ஏறும்போது தெருவில் ஆட்கள் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். குழாயடியில் இரண்டு பெண்கள் குடம் வைத்திருந்தார்கள். இலக்கியா கார்க் கண்ணாடியை இறக்கி, எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கே உரிய உரத்த குரலில் கத்தினாள்.

"அப்புச்சி, தொழுநோய்க்கு மாத்திரைய மறக்காம சாப்புடுங்க."

குழாயடியில் பேச்சு நின்றது. எதிர்வீட்டுக்காரரின் கையும் துணியும் வண்டிமேல் அப்படியே நின்றன. மாப்பிள்ளை அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வாசல் கதவு எனக்குப் பின்னால் ஒரு எட்டுத் தூரத்தில் இருந்தது.

முகமெல்லாம் எரிந்தது. ஆனால் உள்ளே போகவில்லை. கார் தெருமுக்கில் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன், மடித்துவிட்ட சட்டைக் கையோடு.